ஊட்டியில் ஹீமோகுளோபின் 11.6 போதுமா? ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) சந்தேகத்துக்கு ஆய்வில் பதில் தேடும் வழி

நீலகிரியில் புதிதாகப் போஸ்டிங் வாங்கி வந்திருக்கும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வு, ஆதாரம் என்றதும் அதெல்லாம் மெடிக்கல் காலேஜ்காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள், கையில் போனும் தெளிவான கேள்வியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) மேசையிலேயே முடிகிற வேலைதான்.

ஒரு கேஸை வைத்துப் பார்ப்போம். ஊட்டிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண், கர்ப்பம் எட்டாம் மாதம், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 11.6 (டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கில்). கடைசி மூன்று மாதத்தில் 11க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று படித்திருக்கிறோம், அதனால் நார்மல் என்று எழுதத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது, ஆகவே நார்மலின் எல்லையும் மேலே ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 2,000 முதல் 2,499 மீட்டர் வரை வசிப்பவர்களுக்கு 1.4 கூட்ட வேண்டும், அதாவது இவருக்கு எல்லை 12.4. குன்னூர், கோத்தகிரி என்றால் 1.1, கூடலூருக்கு 0.8. மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் குடியிருப்பவருக்கு இதே 11.6 பிரச்சினையே இல்லை! அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்குத் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ரத்தசோகை என்றால் இரண்டு, அதனால் இது வெறும் கணக்கு வித்தியாசம் இல்லை, மருந்துச் சீட்டே மாறுகிறது. சந்தேகமாக இருந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெர்ரிட்டின் ரத்தப் பரிசோதனை பாருங்கள், 15க்குக் (லிட்டருக்கு மைக்ரோகிராம்) கீழே வந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். காய்ச்சல், தொற்று இருக்கும்போது அது பொய்யாக ஏறி நிற்கும்.

சரி, அடுத்த மாதம் அவரே வந்து, "குமட்டுது டாக்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கட்டுமா?" என்று கேட்கிறார். இங்கேதான் கேள்வியை நான்காக உடைக்க வேண்டும்: யாருக்கு, எதைக் கொடுத்தால், எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால், தினமும் கொடுப்பதைவிட, பிரசவத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறுமா, குமட்டல் குறையுமா? இந்தச் சொற்களையே ஆங்கிலத்தில் மருத்துவ ஆய்வுகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டின் கிளினிக்கல் குவெரீஸ் பக்கத்தில் போட்டுச் சிகிச்சை என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்திலும் தேடுங்கள். காக்ரேனின் எளிய சுருக்கங்கள் இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு.

தேடினால் 2017இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு கிடைக்கும். ஒருநாள் விட்டுக் கொடுத்தால் உடம்பு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் இரும்பைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்கிறது, மருந்துக் கம்பெனி ரெப்கூட இதைச் சொல்லியிருப்பார். ஆனால் அதில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கர்ப்பமில்லாத, ரத்தசோகையும் இல்லாத, இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்த இளம்பெண்கள். அளந்ததும் உறிஞ்சலைத்தான், பிரசவ நேரத்து ஹீமோகுளோபினை இல்லை. நம் பெண்ணுக்கு வேண்டியது அது இல்லையே. கர்ப்பிணிகளுக்கு விட்டு விட்டுக் கொடுப்பது பற்றிய 2015 காக்ரேன் தொகுப்பில் தாய்க்கும் குழந்தைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், பக்கவிளைவும் குறைவு, ஆனால் பிரசவம் நெருங்கும்போது லேசான ரத்தசோகை கூடுகிறது. ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

ஆகவே என் முடிவு: தினசரி மாத்திரையே, ராத்திரி படுக்கும் முன் போடச் சொல்லுங்கள். அப்படியும் நிறுத்திவிடுவார் என்று தெரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு ஒத்துக்கொள்வேன், மாத்திரை டப்பாவிலேயே கிடப்பதற்கு அது மேல்.

சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சல் குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு குறைகிறது என்று பிரிட்டனில் ஆரோக்கியமான பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் நம் கர்ப்பிணிகள் இல்லைதான், ஆனால் செலவும் இல்லை, தீங்கும் இல்லை, இதற்குப் பெரிய ஆதாரம் கேட்டு நிற்க வேண்டாம். தேயிலைக் காட்டில் டீயே வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்க்காதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பெண் குறைந்த ஹீமோகுளோபினோடு வந்தால் இந்தத் தேடலுக்கெல்லாம் முன்னால் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய்) பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.