ஜப்பானிய மொழி தெரியாமல் மதர் 2 ஆடுவது எப்படி? முதல் வாரத்துக்கான வழிகாட்டி

90-களின் நடுவில் ஜப்பானில் வந்த ஆர்.பி.ஜி. (கதாபாத்திரமாக மாறி ஆடும் கதை கேம்) ஒன்றை, உதாரணமாக மதர் 2-ஐ, அதன் சொந்த மொழியிலேயே ஆடிப் பார்க்க நிறைய பேருக்கு ஆசை இருக்கிறது. திரை முழுக்கப் புரியாத எழுத்து வந்ததும் அணைத்துவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அணைத்திருக்கிறேன். மூன்றாவது முறைதான் ஒன்று பிடிபட்டது: ஜப்பானியர்கள் தங்கள் எழுத்துகளை அடுக்கும் வரிசை, நாம் ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்த வரிசையேதான். அது தெரிந்த பிறகு ஒரே வாரத்தில் கேமுக்குள் இருக்கும் பொருள்களின் பெயர்களைப் படிக்க வந்துவிட்டது. அந்த வாரத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சரியான கேமைத் தேர்ந்தெடுங்கள்

க்ரோனோ ட்ரிக்கர், ஃபைனல் ஃபேன்டசி 6 இரண்டும் அருமையான கேம்கள். ஆனால் அவற்றில் கான்ஜி எனப்படும் சீன எழுத்துகள் கலந்து வரும், முதல் கேமாக வேண்டாம். மதர் 2-இல் அந்தத் தொல்லை இல்லை. ஒலியை அப்படியே எழுதும் கானா எழுத்துகள் மட்டும்தான். அதோடு சொற்களுக்கு நடுவே நம் எழுத்தைப் போலவே இடைவெளி விட்டிருப்பார்கள். பொதுவாக ஜப்பானிய எழுத்தில் இடைவெளியே இருக்காது, அதனால் புதியவருக்கு இது பெரிய உதவி.

இந்த கேம் 1994 ஆகஸ்ட் 27 அன்று, நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு வெளியானது. எழுதியவர் ஷிகேசாடோ இடோய், ஜப்பானில் விளம்பர வாசகங்களுக்குப் பெயர் போனவர். வேலை பாதியில் சிக்கி நின்றபோது உதவிக்கு வந்தவர் சடோரு இவாடா, பிற்பாடு நிண்டெண்டோவின் தலைவரானவர். இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், புதிதாக எழுதினால் ஆறு மாதம் போதும் என்று சொல்லி, புதிதாகவே எழுத வைத்தார். கதை அமெரிக்கா மாதிரியான ஒரு நாட்டில் நடக்கிறது. ஹாம்பர்கர், பீட்சா, பேஸ்பால் மட்டை என்று நமக்குத் தெரிந்த சொற்களே பொருள் பட்டியலில் வந்துகொண்டிருக்கும். எழுத்தைக் கூட்டிப் படித்தால் போதும், பாதிக்கு மேல் அர்த்தம் தானாகப் புரியும்.

படி 2: கருவியை இயக்குங்கள்

எளிய வழி, நிண்டெண்டோவின் புதிய கேம் கருவியான ஸ்விட்ச். கணக்கில் நாட்டை ஜப்பான் என்று மாற்றினால் ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாம் செயலியை இறக்கிக்கொள்ளலாம். ஆன்லைன் சந்தா இருந்தால் அதில் மதர் 2 இருக்கிறது, 2022 பிப்ரவரியில் சேர்த்தார்கள்.

அசல் சூப்பர் ஃபேமிகாம் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். கூட வரும் அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் கருகிவிடும். நடுவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பாக வேண்டும். வேறு அடாப்டர் போடுவதாக இருந்தால், அது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும், பின்னின் நடுப்பகுதி நெகட்டிவாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்கு நேர் எதிர்.

கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் கேம் பெட்டி) ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் தகடுகளை அரிக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் தகடுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் பேட்டரி. ஆட்டத்தைச் சேமித்து வைப்பது கார்ட்ரிட்ஜுக்குள் பற்றவைத்திருக்கும் ஒரு வட்ட பேட்டரியின் தயவில். முப்பது வருடத்தில் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். நான் வாங்கிய கார்ட்ரிட்ஜில் நான்கு மணி நேரம் ஆடிச் சேமித்தேன். மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தால் சேமிக்கும் மூன்று இடமும் காலி. ஆகவே முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும் ஆடுங்கள். சேமித்து, அணைத்து, மறுநாள் பாருங்கள். போயிருந்தால் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

படி 3: வரிசையைப் பிடியுங்கள்

கானாவில் இரண்டு வகை. கட்டகானா, வெளிநாட்டுச் சொற்களுக்கு. ஹிரகானா, மற்றதுக்கு. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. முதலில் கட்டகானாவை எடுங்கள், ஹாம்பர்கரும் பீட்சாவும் அதில்தான் இருக்கின்றன.

உயிரெழுத்து வரிசை: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் அதே வரிசையில். அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க ங ச-வில் ஜப்பானியத்தில் இல்லாத எழுத்துகளைக் கழித்துவிட்டு ஒப்பித்துப் பாருங்கள், ஏறக்குறைய அப்படியே வரும். இது தற்செயல் இல்லை. புத்த சமயத்தோடு ஜப்பானுக்குப் போன சமஸ்கிருத எழுத்துப் படிப்பிலிருந்து வந்த வரிசை இது. ந-வுக்கும் ம-வுக்கும் நடுவில் ஹ எப்படி வந்தது? அந்த ஹ பழைய ஜப்பானிய மொழியில் ப என்று ஒலித்தது. ந, ப, ம! இதைப் படித்த அன்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிர் ஐந்தும் போக, ஒவ்வொரு எழுத்தும் ஓர் உயிர்மெய். தனி மெய் என்று இருப்பது ‘ன்’ ஒன்றுதான். ஆனால் நம்மைப் போல க-வோடு ஒரு குறி சேர்த்து கி, கு ஆக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம். அதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து எழுத்து, கையால் எழுதிப் பழகுங்கள். சில எழுத்துகள் வரிசையிலிருந்து சற்று விலகி ஒலிக்கும்: ச-வில் ‘ஷி’, த-வில் ‘ச்சி’யும் ‘ட்சு’வும், ஹ-வில் ‘ஃபு’.

பிறகு நான்கு குறிகள். எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு வந்தால் ஒலி கனக்கும்: காகத்தின் முதல் க, தங்கத்தின் க ஆகும். ஹ மேல் அதே கோடு வந்தால் ‘பலம்’ என்பதில் வரும் கனத்த ப, சிறு வட்டம் வந்தால் ‘பல்’ என்பதில் வரும் ப. எழுத்துக்குப் பின் படுக்கைக் கோடு வந்தால் நெடில். சின்னதாக ஒரு ‘ட்சு’ வந்தால் அதை உச்சரிக்க வேண்டாம், அடுத்த ஒற்று இரட்டிக்கும்.

இப்போது ஹாம்பர்கரைப் படிப்போம். ஆறு குறிகள்: ஹ, ன், கோடு போட்ட ஹ, நெடில் கோடு, கோடு போட்ட க, மறுபடி நெடில் கோடு. ஹன்-பா-கா. வாய்விட்டுச் சொன்னால்தான் பிடிபடும். பேஸ்பால் மட்டை: கோடு போட்ட ஹ, சின்ன ட்சு, தொ. ‘பட்டோ’. பேட்!

படி 4: நான்கு திருடர்கள்

ஷி, ட்சு, ன், சொ. எல்லோரும் இங்கேதான் தடுமாறுவார்கள். நான்கிலும் ஒரு நீளக் கோடும் ஒன்றோ இரண்டோ குட்டிக் கோடும்தான். குட்டிக் கோடுகளை மட்டும் பாருங்கள். அவை இடது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தால் ஷி, மேலே பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ட்சு. ஒரே குட்டிக் கோடு இடப்பக்கம் படுத்திருந்தால் ன், மேலே நின்றிருந்தால் சொ. ஷி, ன் இரண்டிலும் நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். மற்ற இரண்டிலும் மேலிருந்து கீழே இறங்கும். பழைய கேமின் சின்னப் புள்ளி எழுத்தில் இந்த வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும், சொல்லின் மற்ற எழுத்துகளை வைத்து ஊகிக்கப் பழகுங்கள்.

படி 5: பெயர் எழுதுங்கள்

ஆட்டம் தொடங்கியதும் நான்கு பிள்ளைகளுக்கும் ஒரு நாய்க்கும் பெயர் கேட்கும். பிறகு உங்களுக்குப் பிடித்த சாப்பாடு, பிடித்த பொருள். எழுத்துகள் கட்டம் கட்டமாக விரியும் இந்தத் திரைதான் உங்கள் முதல் தேர்வு, அவசரப்பட வேண்டாம். ஜப்பானிய மொழியில் ல இல்லை, ர-தான். இட்லி என்று போட ‘இ, கோடு போட்ட தொ, ரி’. எனக்குத் தோசை பிடிக்கும்: கோடு போட்ட தொ, நெடில் கோடு, ச. ‘தோசா’. அந்த மூன்று குறியைத் தேடிப் பிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

படி 6: முதல் இரவு

ஓனெட் என்ற ஊரில் இரவில் விண்கல் விழுகிறது, நெஸ் என்ற பையன் விழித்துக்கொள்கிறான். அங்கிருந்து நீங்கள்தான் நெஸ்.

பேசவும், எதையாவது சோதித்துப் பார்க்கவும் எல் பட்டன் போதும், மெனுவைத் திறக்க வேண்டியதில்லை. மெனுவில் உடனே தெரிய வேண்டியவை: ‘ஹனஸு’ என்றால் பேசு, ‘குட்ஸு’ என்றால் கையிலிருக்கும் பொருள்கள். தங்கையிடம் பேசினால் ஒரு பழைய மட்டை கிடைக்கும், ‘போரோ நோ பட்டோ’. படி 3-இல் படித்த அதே பட்டோ. கையில் இருந்தால் மட்டும் போதாது, ‘ஸோபி’ என்ற கட்டளையில் போய் அணிய வேண்டும்.

சண்டையில் உயிர்க்கணக்கு மீட்டர் போல உருண்டு இறங்கும். பலமாக அடிபட்டாலும் எண் பூஜ்யத்தைத் தொடும் முன் சண்டை முடிந்தால் பிழைத்துவிடுவீர்கள். நாம் மெதுவாகப் படிப்பவர்கள், படிக்கும் நேரத்திலும் அது உருண்டுகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தருணத்தில் எழுத்தை விட்டுவிட்டு பட்டனைத் தட்டுங்கள்.

சேமிக்க வேண்டுமா? தொலைபேசியில் அப்பாவைக் கூப்பிடுங்கள். அவர் முகத்தைக் கேமில் காட்டவே மாட்டார்கள், ஆனால் நம் ஆட்டத்தைக் காத்து வைப்பவர் அவர்தான். வெகுநேரம் ஆடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடு என்பார்.

களைத்து வீடு திரும்பினால் அம்மா சாப்பாடு போடுவார். அந்த வசனம் ஹிரகானாவில்தான் ஓடும், முதல் வாரத்தில் முழுதாகப் படிக்க வராது. ஆனால் நடுவில் மூன்று குறி மட்டும் தெரிந்த முகமாக நிற்கும்: கோடு போட்ட தொ, நெடில் கோடு, ச.