டெபியன் பேக்கேஜுக்கு ஆவணம் எழுதுவது: நான் மாட்டிக்கொண்ட இடங்களோடு

நண்பர் எழுதிய சிறு பைத்தான் நிரல் ஒன்றை டெபியன் லினக்ஸுக்காக டெப் பேக்கேஜாக, அதாவது அதில் நிறுவத்தக்க பொதியாக, கட்டினேன். கட்டும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. கூடவே போக வேண்டிய ஆவணங்களைச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது. ஆறு மாதம் கழித்து நிரலின் அடுத்த பதிப்பு வந்தபோது பார்த்தால், எழுதியதில் பாதி பழசாகிக் கிடந்தது. அந்த அனுபவம்தான் இந்தப் பதிவு.

பேக்கேஜ் கட்டுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறையாவது டெப் கோப்பு கட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளை, கோப்புப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: கருவிகள்

டெவ்ஸ்கிரிப்ட்ஸ் (பேக்கேஜ் கட்டுவோருக்கான கருவித் தொகுப்பு), லின்டியன் (பேக்கேஜில் பிழை தேடும் கருவி) இரண்டையும் ஆப்ட் வழியாக நிறுவுங்கள். டெப்ஃபுல்நேம், டெப்ஈமெயில் என்ற இரு மாறிகளில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் லாகின் பெயரையும் கணினிப் பெயரையும் ஒட்டி உண்டாக்கிய ஒரு முகவரி, பதிப்புவாரியாக மாற்றங்களைக் குறிக்கும் சேஞ்ச்லாக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: சேஞ்ச்லாக்

இங்கேதான் விழுந்தேன். டெபியன் கோப்புறைக்குள் இருக்கும் சேஞ்ச்லாக், மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பேக்கேஜின் பதிப்பு எண்ணையே கட்டும் கருவி இதிலிருந்துதான் எடுக்கிறது, அதுவும் மேலே இருக்கும் முதல் பதிவிலிருந்து. அதனால் இதன் வடிவம் துளியும் பிசகக்கூடாது.

ஒவ்வொரு பதிவின் கடைசி வரியையும் கவனியுங்கள். முதலில் ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், மறுபடி ஓர் இடைவெளி, உங்கள் பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல். அதன்பின் இரண்டு இடைவெளி, அப்புறம் தேதி. இரண்டு. நான் ஒன்று விட்டிருந்தேன். கடைசி வரியின் வடிவம் தப்பு என்று எச்சரிக்கை வந்தது. பெயர் சரி, தேதி சரி, வேறென்ன தப்பு என்று ஒரு மணி நேரம் முழித்தேன். விம் எடிட்டரில் இடைவெளிகளைப் புள்ளிகளாகக் காட்டவைத்த பிறகுதான் ஒரு புள்ளி குறைவது தெரிந்தது.

அடுத்தது தேதி. என் கணினி தமிழ் இடைமுகத்தில் ஓடுகிறது. வெறும் டேட் கட்டளை கொடுத்த வரியை அப்படியே ஒட்டினேன்; மாதத்தின் பெயர் தமிழில் வந்து நின்றது. சேஞ்ச்லாகுக்குக் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் வேண்டும். டேட் கட்டளையோடு பெரிய ஆர் ஆப்ஷனைச் சேர்த்தால், இடைமுகம் எந்த மொழியில் இருந்தாலும் சரியான வடிவம் கிடைக்கும். பழைய பதிவை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் கிழமை ஒத்துவராது. லின்டியன் அதையும் கண்டுபிடித்துச் சொல்லும்.

ஆக, கையால் எழுதாதீர்கள். டெவ்ஸ்கிரிப்ட்ஸோடு வரும் டிசிஎச் கட்டளையைச் சின்ன ஐ ஆப்ஷனோடு கொடுத்தால் புதுப் பதிவை அதுவே திறந்துவைக்கும். வேலை முடிந்து வெளியிடும்போது சின்ன ஆர் ஆப்ஷன். கிட் கமிட்களிலிருந்தே சேஞ்ச்லாகை உருவாக்கும் ஜிபிபி டிசிஎச் என்ற கருவியும் இருக்கிறது. பலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. "எழுத்துப்பிழை திருத்தம்", "மறுபடி எழுத்துப்பிழை" என்று என் கமிட் வண்டவாளம் எல்லாம் பயனர் கண்ணில் படுவானேன்?

படி 3: காப்பிரைட்

எந்தக் கோப்புக்கு எந்த உரிமம் என்று பத்தி பத்தியாக எழுதும் கோப்பு இது. ஒரு கோப்புக்கு இரண்டு பத்திகள் பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும். நான் நிரல் எழுதும் பழக்கத்தில், "மற்றதெல்லாம்" என்று பொருள்படும் நட்சத்திரப் பத்தியைக் கடைசியில் போட்டுவைத்தேன். அது மேலே இருந்த எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. நட்சத்திரம் மேலே, குறிப்பிட்ட கோப்புகள் கீழே.

உரிம வாசகத்தின் நடுவே வெற்று வரி வந்தால் அதை வெறுமனே விடக்கூடாது. ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தி அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். பேக்கேஜின் பெயர், விவரம் எல்லாம் இருக்கும் கன்ட்ரோல் கோப்பில் உள்ள நீண்ட விவரிப்புக்கும் இதே விதிதான். ஜிபிஎல், அப்பாச்சி போன்றவற்றின் முழு வாசகம் டெபியன் கணினியின் காமன் லைசென்சஸ் கோப்புறையில் ஏற்கெனவே இருப்பதால் அதைச் சுட்டினால் போதும். எம்ஐடி அங்கே இல்லை, முழுதாக எழுதியாக வேண்டும்.

படி 4: மேன் பக்கம்

நிறுவப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் மேன் பக்கம் (டெர்மினலில் படிக்கும் கையேடு) இருக்க வேண்டும் என்கிறது டெபியன் கொள்கை. ஹெல்ப் ஆப்ஷன் காட்டும் வரிகளிலிருந்தே பக்கத்தை உண்டாக்க ஹெல்ப்டூமேன் உதவும், ஆனால் வருவது சவசவ என்றிருக்கும். நான் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதி, பாண்டாக் என்ற வடிவமாற்றிக் கருவியில் மாற்றுகிறேன். பழசாகிப்போன ஆவணத்தில் முதலில் இருந்தது இதுதான்: நிரலிலிருந்து நீக்கிய ஆப்ஷன் ஒன்று என் பக்கத்தில் ஆறு மாதமாக உயிரோடு இருந்தது. இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு ஹெல்ப் வரிகளையும் மேன் பக்கத்தையும் அருகருகே திறந்துவைத்துப் பார்த்துவிடுகிறேன்.

படி 5: ரீட்மீ, நியூஸ்

ரீட்மீ டெபியன் என்பது பயனருக்கு: மூல நிரலிலிருந்து இங்கே என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல. ரீட்மீ சோர்ஸ் என்பது நாளை இந்தப் பேக்கேஜைக் கையில் எடுக்கப்போகிறவருக்கு. சொல்ல எதுவும் இல்லையென்றால் இரண்டையும் எழுதாதீர்கள். இல்லாத ஆவணம் பழசாகாது. நியூஸ் கோப்பை ஆப்ட் லிஸ்ட்சேஞ்சஸ் என்ற கருவி மேம்படுத்தலின்போது பயனர் முன் காட்டும். அமைப்புக் கோப்பின் இடம் மாறியது போன்ற, அவர் கை வைத்தாக வேண்டிய விஷயத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் லின்டியனைச் சின்ன ஐ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் விளக்கமும் சேர்ந்து வரும்.

பின்சேர்க்கை 1: டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியில், டெபியனின் ஸ்லிம் இமேஜில் (அளவு குறைத்த பதிப்பில்) என் பேக்கேஜை நிறுவினால் நிரல் ஓடவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இமேஜ்களில் காப்பிரைட் தவிர ஆவணங்களுக்கான டாக் கோப்புறைக்குள் போகும் எதையும், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நிறுவுவதில்லை. என் நிரலோ மாதிரி அமைப்புக் கோப்பை அங்கிருந்துதான் படித்துக்கொண்டிருந்தது. நிரல் ஓடுவதற்கு டாக் கோப்புறையில் உள்ள எதுவும் தேவைப்படக்கூடாது என்று கொள்கையிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கோப்பை ஷேர் கோப்புறைக்குள் பேக்கேஜ் பெயரில் இருக்கும் இடத்துக்கு மாற்றி, டாக்கிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு மட்டும் வைத்தேன்.

பின்சேர்க்கை 2: டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில் உட்கார்ந்து டிசிஎச் ஓட்டினால் பதிப்பு எண்ணின் வாலில் உபுண்டு1 என்று ஒட்டிக்கொள்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். வெண்டார் ஆப்ஷனில் டெபியன் என்று கொடுங்கள், ஒட்டாது.