பள்ளி மாவட்டத்தின் தொழில்நுட்பத் திட்டத்தைப் பெற்றோர் படிக்கும் முறை

நியூயார்க் மாநிலத்துக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள், வீடு பார்க்கும்போதே பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தரவரிசையை அலசி ஆராய்கின்றன. ஆனால் அந்த மாவட்டம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாநிலக் கல்வித் துறைக்கு அளிக்கும் கற்பித்தல் தொழில்நுட்பத் திட்டத்தைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளை வகுப்பறையில் எதை, எப்படிக் கற்கப்போகிறது என்பதைத் தரவரிசையைவிட அந்த ஆவணம் தெளிவாகக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு க்ரோம்புக் (கூகுள் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி) என்ற வரியைப் பார்த்ததும் திட்டம் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் நூறு கோடி டாலரைத் தாண்டும் மதிப்பீட்டில் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் வழங்கத் தொடங்கியது. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புத் தடைகளை நீக்கிவிட்டார்கள். உடன் வாங்கிய பாடத்திட்டமோ முழுமை பெறாமலே இருந்தது. அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

ஆகவே முதலில் ஆசிரியர் பயிற்சிப் பகுதியைப் படியுங்கள். ஆகஸ்டில் அரை நாள் அறிமுகம் என்று மட்டும் இருக்கிறதா, அல்லது ஆண்டு முழுவதும் வகுப்பறைக்கே வந்து உதவும் பயிற்றுநர் இருக்கிறாரா, எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்கு எந்த மென்பொருள் என்று விளக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பழைய கருவிகளை மாற்றுவதற்கான நிதி. 2021 முதல் வெளிவந்த க்ரோம்புக்குகளுக்கு கூகுள் 10 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறது. அந்தக் கணக்கு தொடங்குவது மாவட்டம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகைக் கருவி சந்தைக்கு வந்த காலத்திலிருந்து. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வகையை வாங்கினால் சீக்கிரமே செலவு திரும்பி வரும்.

பிள்ளையின் தகவல்கள் யாரிடம் போகின்றன என்பதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். மாநிலக் கல்விச் சட்டத்தில் 2014-இல் சேர்க்கப்பட்ட 2-டி பிரிவு, மாணவர் தகவல்களை விற்பதைத் தடை செய்கிறது. பெற்றோர் உரிமை அறிக்கையையும், தகவல்களைப் பெறும் நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் பற்றிய விவரங்களையும் மாவட்டம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிள்ளை வீட்டில் திறக்கும் செயலிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அந்த ஒப்பந்தங்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத செயலி இருந்தால் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் பிள்ளைக்குப் பாதிப்பு வரும் என்று தயங்க வேண்டாம்.

மாவட்ட நிதிநிலை மீதான வாக்கெடுப்பு, நியூயார்க் நகரத்துக்கு வெளியே பெரும்பாலும் மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை நடைபெறும். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் கல்வி வாரியக் கூட்டங்களில் எவரும் அமர்ந்து கவனிக்கலாம், பெரும்பாலான வாரியங்கள் எந்த விசாவில் இருக்கும் பெற்றோரும் சில நிமிடங்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்குகின்றன. கருவி, பயிற்சி ஆகிய இரண்டுக்கும் ஒதுக்கிய தொகைகளைக் குறித்துக்கொண்டு, வாக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களிலேயே போய்க் கேளுங்கள்.