மஞ்சள் வாலாட்டியின் துணையினங்களைப் பிரித்தறியும் முறை

அறுவடை முடிந்த வயலில் மாட்டின் காலடியிலேயே ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும் மஞ்சள் வாலாட்டி, குளிர்காலத்தில் இங்கு வலசை வரும் பறவை. அருகருகே மேயும் இரு பறவைகளில் ஒன்று ஸ்காண்டிநேவியாவிலும் மற்றொன்று கஜகஸ்தான் புல்வெளியிலும் பிறந்திருக்கக்கூடும். எது எங்கிருந்து வந்த துணையினம் (ஒரே இனத்துக்குள் பகுதிக்குப் பகுதி வேறுபடும் பிரிவு) என்பதைச் சொல்வது பெரும்பாலும் ஆணின் தலைதான்.

படி 1: முதலில் இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். முதுகு சாம்பலாகவும் கால்கள் வெளிர் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது சாம்பல் வாலாட்டி. மஞ்சள் வாலாட்டிக்கு முதுகில் பச்சை சாயல் உண்டு, கால்கள் கருமை.

படி 2: மாதத்தைப் பாருங்கள். செப்டம்பரில் வந்திறங்கும்போது ஆண்களும் நிறம் மங்கியிருக்கும். புறப்படுவதற்கு முன், மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் தலை நிறம் துலங்கும். பெண் பறவைகளையும் இளம் பறவைகளையும் தொடக்கத்தில் விட்டுவிடுவதே நல்லது.

படி 3: உச்சந்தலை, புருவக்கோடு, கன்னம், தொண்டை ஆகிய நான்கையும் இதே வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

உச்சந்தலை அடர்சாம்பலாகவும் தொண்டை மஞ்சளாகவும் இருந்து, புருவக்கோடு இல்லாவிட்டால், அது வட ஐரோப்பாவிலும் வடமேற்கு சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் துன்பெர்கி என்னும் துணையினம். வெளிர்நீலச் சாம்பல் தலையில் அகன்ற வெள்ளைப் புருவமும், கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு வெண்கீற்றும், வெள்ளை முகவாயும் தெரிந்தால் பீமா. ஆங்கிலேய இயற்கையியலாளர் சைக்ஸ் 1832இல் தக்காணத்துப் பறவையைக் கொண்டு விவரித்த துணையினம் இது. பால்கன் முதல் மத்திய ஆசியா வரை வாழும் ஃபெல்டெக்குக்குப் பிடரி வரை கருங்குல்லாய். தலையே மஞ்சளாக இருந்தால் லூட்டியா எனலாம். ஆனால் சிறகில் இரண்டு அகன்ற வெள்ளைப் பட்டைகளும் சாம்பல் முதுகும் இருந்தால் அது எலுமிச்சை வாலாட்டி என்னும் வேறு இனம்.

படி 4: ஒளியைச் சந்தேகியுங்கள். மாலையில் எதிர்வெயிலில் பார்த்த துன்பெர்கியை ஃபெல்டெக் என்று குறித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே வரப்பில் அதே பறவையைப் பார்த்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். துன்பெர்கியின் கன்னம் ஏறக்குறைய கருப்பாக இருந்தாலும் உச்சந்தலை அதைவிட வெளிறித் தெரியும். ஃபெல்டெக்கில் இரண்டும் ஒரே கருமை. ஆகவே கன்னத்தையும் உச்சியையும் ஒப்பிடாமல் 'கருந்தலை' என்று எழுதாதீர்கள்.

படி 5: எல்லைப் பகுதிகளில் துணையினங்கள் கலந்து இனப்பெருக்கம் செய்வதால், எதிலும் அடங்காத தலைகளும் வரும். அத்தகைய பறவையை, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில், துணையினம் குறிக்காமல் 'மேற்கத்திய மஞ்சள் வாலாட்டி' என்று இனப்பெயரை மட்டும் பதிந்து, குறிப்பில் அந்த நான்கு அடையாளங்களையும் எழுதிவிடுங்கள்.