காது கேளாதவர்களும் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை விமான நிலையத்தில் 2022 ஜூலை இறுதியில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்தி, விவரங்களைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காது கேட்பவர்களுக்கு அது புதுப் பழக்கம். காது கேளாதவர்களுக்கு அது காலங்காலமாகச் செய்துவரும் வேலை. திரையைப் பார்த்துத்தான் எப்போதும் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அதற்குச் சற்று முன்னால், பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருக்கிறது. "லேப்டாப் இருக்கா?", "பெல்ட்டைக் கழற்றுங்க", "இந்தப் பை யாரோடது?" என்று அங்கே எல்லாமே வாய்ப்பேச்சுதான். அதுவும் பெரும்பாலும் இந்தியில், பல நேரம் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வரிசையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். காது கேளாதவர் எழுதிக் காட்டவும் பேச்சை எழுத்தாக்கிப் படிக்கவும் நம்பியிருக்கும் போன், முதல் வேலையாகத் தட்டில் போய்விடுகிறது. பிறகு மேடைமேல் ஏறி இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்கிறார்கள். சைகையில் பேசுகிறவருக்குக் கைதான் வாய். அடுத்து, காவலர் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கைக்கருவியோடு முதுகுப்பக்கம் போய் நின்று ஏதோ கேட்கிறார். படிக்க உதடும் இல்லை, பதில் சொல்லக் கையும் இல்லை. இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டுவதற்கான பேச்சு முழுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டதால் வருபவை.

காவலர் கேட்கும்வரை சொல்லாமல் இருப்பது

"எதற்கு வம்பு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் இந்திய விமான நிலையங்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதாவது சி.ஐ.எஸ்.எஃப், காவலுக்கு வந்ததே 1999 டிசம்பரில் நடந்த காந்தகார் விமானக் கடத்தலுக்குப் பிறகு. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கினார்கள். நில் என்றால் நிற்காதவர், கூப்பிட்டால் திரும்பாதவர் யார் என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. உங்களுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதவரை, நீங்கள் அவர் பேச்சை மதிக்காமல் போகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

எனவே தட்டை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையசைத்தால் எந்த மாநிலத்துக் காவலருக்கும் புரியும். கூடவே ஒரு அட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதைப் போனில் வைத்திருப்பதுதான் அடுத்த தவறு. போன் தட்டில் போனதும் அட்டையும் போய்விடும். காகிதத்தில் எழுதி, போர்டிங் பாஸோடு சேர்த்துக் கையிலேயே வைத்திருங்கள். மூன்று வரி போதும்: "எனக்குக் காது கேட்காது. என் முன்னால் நின்று கையால் காட்டுங்கள். என் பின்னால் போகும் முன் சொல்லிவிட்டுப் போங்கள்." இதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சென்னையிலோ மதுரையிலோ நிற்கும் காவலருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

விமான நிறுவனத்திடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நம்புவது

டிக்கெட் எடுக்கும்போது சொல்லிவிட்டோமே என்பார்கள். சொன்னது நல்லதுதான். உதவி தேவைப்படுபவர்கள் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. முன்பதிவில் காது கேளாதவர்களுக்கென்றே 'டெஃப்' என்ற குறியீடு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கேட் மாறினால் யாராவது நேரில் வந்து சொல்வதற்கும், விமானத்துக்குள் பணிப்பெண் பார்த்துக்கொள்வதற்கும் அது உதவும்.

ஆனால் டிக்கெட் விற்றது ஒருவர், சென்னை போன்ற இடங்களில் நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம், சோதிப்பது சி.ஐ.எஸ்.எஃப். விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும் குறியீடு எக்ஸ்ரே இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் காவலர் கண்ணுக்குத் தெரியாது. அவரிடம் நீங்கள்தான் மறுபடி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 'டெஃப்' என்பதற்குப் பதிலாக வெறுமனே 'உதவி தேவை' என்று பதிவு செய்தால் வாசலில் சக்கர நாற்காலி வந்து நிற்கும். நன்றாக நடக்கிறவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவது உலகம் முழுக்கக் காது கேளாதவர்கள் சலித்துச் சொல்லும் கதை. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தலையசைத்து மறுத்துவிட்டு, கூட வந்து வழிகாட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள். யு.டி.ஐ.டி. அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது உங்கள் குறைபாட்டுக்கு அரசு தந்த சான்று. சோதனையிலிருந்து விலக்கு தரும் சீட்டாக நினைத்து நீட்டாதீர்கள்.

காதுக்கருவியைப் பயந்துபோய்க் கழற்றுவது

காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரணக் கருவியை, மெட்டல் டிடெக்டர் வாசலுக்குப் பயந்து கழற்ற வேண்டியதில்லை. கைக்கருவி காதருகே பீப் அடித்தால் விரலால் காட்டுங்கள், பார்த்துக்கொள்ளட்டும். கழற்றித் தட்டில் போட்டால் கொஞ்சநஞ்சம் கேட்டதும் போய்விடும். சுண்டுவிரல் நுனியளவு பொருள் கோட்டு, பெல்ட்டுக்கு நடுவில் எங்கே விழுந்தது என்று தேடவும் வேண்டும்.

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவைச் சிகிச்சை செய்து பொருத்தும் கேட்புக் கருவி, வைத்தவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சையை ஏற்பதால், எளிய குடும்பங்களிலும் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகள் வளர்ந்துவருகிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் விமானப் பயணம் இனிமேல்தான். தோலுக்கு அடியில் காந்தமும் உலோகமும் இருப்பதால் வாசலோ கைக்கருவியோ சத்தம் போடலாம். மருத்துவமனையில் தந்த இம்ப்ளான்ட் அடையாள அட்டையை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வருவதுதான் பெற்றோர்கள் செய்யும் தவறு. அதைக் கையில் வைத்திருங்கள்.

வாசலைக் கடக்கும்போது ப்ராசஸர், அதாவது இம்ப்ளான்டின் வெளிப்பகுதி, வழியாக இரைச்சல் கேட்கலாம், குழந்தை மிரளலாம். முன்பே சொல்லி வையுங்கள். அணைத்தே ஆக வேண்டுமென்றால் அந்தச் சில விநாடி மட்டும் அணைத்து, அந்தப் பக்கம் போனதும் போட்டுவிடுங்கள். உதிரி ப்ராசஸரை எக்ஸ்ரே பெல்ட்டில் விடலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் அறிவுரை மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்காமல் உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள். உதிரி பேட்டரிகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

கூட வருபவர்கள் செய்வது

இந்தியாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடல் சோதனை தனித்தனி. பெண்களைத் திரைக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். இதைக் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. "நான் கூடவே இருக்கேன்" என்று தைரியம் சொல்லிக் கூட்டிவந்த அம்மா ஒரு பக்கம், வளர்ந்த மகன் ஒரு பக்கம் என்று சரியாகச் சோதனைக்கு முன்னால் பிரிந்துவிடுவார்கள். மனைவிக்குக் காது கேட்காது என்றால் கணவர் திரைக்குள் வர முடியாது. எங்கே பிரிவோம், எங்கே சேர்வோம் என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். கூட வருபவர் முதலில் கடந்துபோய், தட்டுகள் வந்து சேரும் முனையில் கண்ணில் படும்படி நிற்பது நல்ல ஏற்பாடு.

எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வதையும் விடுங்கள். பை அவருடையது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பத்து வயதுப் பிள்ளையை அப்பாவுக்கும் காவலருக்கும் நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்க வைப்பது அதைவிட மோசம்.

தட்டு முனையில் கவனம் தப்புவது

உடல் சோதனை முடிந்தது என்றதும் உட்கார்ந்து ஷூ மாட்டத் தொடங்கிவிடுகிறோம். உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்த பையைத் தனியாக ஒதுக்கி, அதைத் தூக்கிப் பிடித்து "கிஸ்கா பேக்?" (யாருடைய பை?) என்று இந்தியில் குரல் கொடுப்பார் காவலர். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காது கேளாதவர் தன் பை இன்னும் வரவில்லை என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் உரிமை கோராத பை என்றால் அங்கே சூழ்நிலை எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை.

பெல்ட்டும், ஒதுக்கும் பக்கமும், இரண்டும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். உங்கள் பை ஒதுங்கினால் நீங்களே போய்க் கையுயர்த்துங்கள். அதற்குப் பிறகு பையைத் தொடாதீர்கள், இதுதான் முக்கியம். பழக்கதோஷத்தில் ஜிப்பைத் திறந்து உள்ளே கை விடுவோம். "தொடாதே" என்று காவலர் சொன்னது நமக்குக் கேட்டிருக்காது. அவர் விரலால் காட்டிய பிறகு திறந்தால் போதும். பவர் பேங்க், சார்ஜர், சில்லறை, குடை இவற்றை முதலிலேயே தட்டில் தனியாக வைத்துவிட்டால் பாதிப் பைகள் ஒதுங்கவே ஒதுங்காது.

வீடியோ காலில் வீட்டில் இருப்பவரை அழைத்து, "இவர் என்ன சொல்றார்னு கேள்" என்று போனைக் காவலர் பக்கம் திருப்புவது இப்போது பலருக்கு வழக்கம். கடையில் சரி. பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் படம் எடுக்கத் தடை இருப்பதால், தன்னைப் படம் பிடிப்பதாக அவர் நினைத்துவிடுவார். அட்டையைக் காட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு அழையுங்கள்.

சீருடை அணிந்தவர்கள் பக்கம் இருக்கும் தவறுகள்

இதுவரை பயணியிடமே பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் பொறுப்பில் பெரிய பங்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 காது கேளாமையைத் தெளிவாக வரையறுத்து உரிமை தந்திருக்கிறது. இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். அப்படி இழந்தவரிடம் குரலை உயர்த்திக் கத்துவதால் வாய் கோணுமே தவிரப் புரியப்போவதில்லை.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புவதும் பாதி ஏமாற்றம்தான். 'பை' என்று சொன்னாலும் 'மை' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. தமிழிலேயே இந்தக் கதி என்றால், தமிழ்வழியில் உதடு படிக்கக் கற்றவர் முன்னால் இந்தியில் பேசினால் என்ன ஆகும்? காவலர் சைகைமொழி கற்றிருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெல்ட்டைக் காட்டி, கழற்றுவதுபோல் செய்து, தட்டைக் காட்டினால் முடிந்தது.

பின்னால் போகும்முன் சுற்றி வரப்போவதாக விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டலாம். முதுகில் திடீரென்று கை வைத்தால் யாராக இருந்தாலும் துள்ளத்தான் செய்வார்கள். காது கேளாதவருக்குக் காலடிச் சத்தம்கூட முன்னறிவிப்பாக வராது. இந்தியச் சைகைமொழியில் கேள்வி கேட்கப் புருவமும் முகபாவமும் வேண்டும். பழகாத கண்ணுக்கு அது கோபமாகத் தெரிகிறது, வேகமாக அசையும் கை மிரட்டலாகத் தெரிகிறது. அந்தக் கையைப் பிடித்து அழுத்துவது ஒருவர் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

வெளிநாட்டில்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், அங்கே சோதனை செய்யும் டி.எஸ்.ஏ. நடத்தும் 'டி.எஸ்.ஏ. கேர்ஸ்' உதவி எண்ணை, 855-787-2227, பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே அழைக்கச் சொல்லலாம். மகனோ மகளோ அங்கிருந்து அழைத்துவிடட்டும். காதுக்கருவியையோ இம்ப்ளான்டின் வெளிப்பகுதியையோ கழற்ற வேண்டியதில்லை என்பது டி.எஸ்.ஏ.வே அறிவித்திருப்பது. சைகைமொழி தெரிந்தவர் வந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள்: அவருக்குத் தெரிந்தது அமெரிக்கச் சைகைமொழி, அது நம் இந்தியச் சைகைமொழியிலிருந்து வேறு. எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பூப்போட்ட கழுத்துப்பட்டி, பார்த்தவுடன் தெரியாத குறைபாடு உள்ளவர் என்று ஊழியருக்குச் சொல்வதற்கான அடையாளம். பெங்களூருவிலும் ஏற்றிருக்கிறார்கள். கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது எந்தக் குறைபாடு என்று சொல்லாது. அட்டை அப்போதும் வேண்டும்.

தப்பாக நடத்தினால்

அந்த இடத்தில் கை வீசி வாதாட வேண்டாம்; ஏன் என்று மேலே சொன்னதிலிருந்தே தெரியும். மேற்பார்வையாளரைக் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். எந்த முனையம், எத்தனையாவது வரிசை, எத்தனை மணி என்பதைக் குறித்துவையுங்கள். காவலர் பெயரைவிட இந்த மூன்றும்தான் கேமராப் பதிவைத் தேடியெடுக்க உதவும். விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதி அங்கேயே நிறுத்திவிடுவது கடைசித் தவறு. சோதித்தது அவர்கள் இல்லையே. விமான நிலையத்துக்கும் சி.ஐ.எஸ்.எஃப்.புக்கும் எழுதுங்கள், மத்திய அரசின் ஏர்சேவா செயலியிலும் பதியுங்கள். பதில் வராவிட்டால் 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் போகலாம்.