தனி வேன், தனி கைடு: எகிப்துப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு ஓடப் பிடிக்காதவர்கள் இப்போது எகிப்துக்குத் தனி வேன், ஊருக்கு ஒரு கைடு என்று ஏற்பாடு செய்துகொண்டு போகிறார்கள். நல்ல விஷயம்தான். தெரிந்தவர்களுக்கு நானும் இப்படிப்பட்ட பயணங்களுக்குத் திட்டம் போட்டுத் தருவேன். சில சமயம் கூடவும் போவேன். அவர்கள் வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பும் அட்டவணையைப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும், ஏனென்றால் ஆரம்ப காலத்தில் நான் போட்டவையும் அதே லட்சணம்தான். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், ஒட்டகத்தில் ஏறும் முன் விலை பேசுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாள், ஒரே டிரைவர்: அபு சிம்பெலிலிருந்து லக்சோர் வரை

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப என்னிடம் வருவது இதுதான். அட்டவணையில் ஒரு நாள் இப்படி இருக்கும்: அதிகாலை அஸ்வானிலிருந்து அபு சிம்பெல் கோயில், அஸ்வானுக்குத் திரும்பி வந்து மதியச் சாப்பாடு, அப்புறம் கோம் ஓம்போ கோயில், எட்ஃபு கோயில், இரவு லக்சோர் ஹோட்டல். காகிதத்தில் நான்கு வரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அஸ்வானிலிருந்து அபு சிம்பெல் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பாலைவனத்தை நேராக வெட்டிக்கொண்டு போகும் சாலை, ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம். போய்த் திரும்பினாலே 560. அஸ்வானிலிருந்து கோம் ஓம்போ, எட்ஃபு வழியாக லக்சோர் இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் 750 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அதிகம். நடுவில் மூன்று கோயில், இரண்டு சாப்பாடு. நீங்கள் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால், டிரைவர் இரண்டரைக்கே எழுந்து வண்டியைத் துடைத்து, ஹோட்டலில் காலை உணவுப் பொட்டலங்களை வாங்கி வைத்திருக்க வேண்டும். இரவு எட்டரைக்கு லக்சோர் சேரும்போது அவர் பதினெட்டு மணி நேரம் விழித்திருப்பார்.

கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றோடு போயிருந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். குடும்பத்துப் பெரியவர் கேட்கவில்லை. “தனி வண்டிதானே தம்பி, நம்ம இஷ்டத்துக்குப் போகலாம்” என்றார். கெய்ரோவில் இருந்த ஏஜென்டிடம் கேட்டார்கள், “நோ ப்ராப்ளம்” என்று பதில் வந்தது. வண்டி ஓட்டப்போவது அவர் இல்லையே.

எட்ஃபு தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். முன் சீட்டில் நான். டிரைவர் முதலில் ஜன்னலைத் திறந்தார். அப்புறம் பூசணி விதைப் பொட்டலத்தை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார். அப்புறம் தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டார். நைலை ஒட்டிய அந்தச் சாலையில் அறிவிப்பே இல்லாமல் வேகத்தடை வரும், விளக்கில்லாத கழுதை வண்டி வரும், கரும்பு வெட்டும் பருவமென்றால் அகலத்துக்கும் மீறிக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் வரும். எதிரே வருகிறவர்களில் சிலர் முகப்பு விளக்கை அணைத்துவிட்டே ஓட்டுவார்கள், கிட்ட வந்ததும் பளிச்சென்று போடுவார்கள். ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றியதில் பின்னால் இருந்த அத்தைக்கு வண்டிக் கூரையில் தலை இடித்தது. அங்கேயே ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். அரை மணி நேரம் டிரைவர் மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தார். பெரியவருக்கோ ஹோட்டலில் டின்னர் முடிந்துவிடுமே என்ற கவலை.

இத்தனைக்கும் அன்று என்ன பார்த்தோம்? அபு சிம்பெலில் இரண்டு மணி நேரம், அதுவும் அஸ்வானிலிருந்து அதே நேரத்துக்குக் கிளம்பிய அத்தனை வேன்களின் கூட்டத்தோடு. கோம் ஓம்போவில் முதலைக் கடவுள் சோபெக்குக்கு ஒரு பாதி, வல்லூறுக் கடவுள் ஹோரஸுக்கு ஒரு பாதி என்று கட்டியிருப்பதைக் கைடு விளக்க ஆரம்பித்தபோதே பாதிப் பேர் நிழல் தேடிப் போய்விட்டார்கள். எட்ஃபுவில் மூடும் நேரத்துக்கு முன் ஓட்டமாக ஓடி உள்ளே போய் வந்தோம். கி.மு. 237-இல் தொடங்கி 57 வரை கட்டிய கோயில், எகிப்தில் இந்த அளவு முழுமையாக நிற்பது அபூர்வம். எங்கள் ஆட்களிடம் இருப்பது வாசலில் எடுத்த செல்ஃபி.

“முடியுமா?” என்று கேட்டால் எகிப்தில் பெரும்பாலும் “முடியும்” என்றுதான் பதில் வரும். விருந்தாளியிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது. பிழைப்பும் அதில் இருக்கிறது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். “உங்கள் குடும்பத்தைக் கூட்டிப்போனால் எப்படிப் பிரிப்பீர்கள்?” என்று கேளுங்கள். “மதியத்துக்கு மேல் ஓட்டுவதும் இதே டிரைவரா?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதில் வராது. அதிலேயே புரிந்துகொள்ளலாம்.

என் யோசனை, அபு சிம்பெல் ஊரிலேயே ஓர் இரவு தங்குங்கள். கோயில் கிழக்கு பார்த்தது. இருபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மன்னர் இரண்டாம் ராம்செஸின் நான்கு சிலைகள்மேல் காலை வெயில் விழும்போது, அஸ்வான் வேன்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். அஸ்வான் உயர் அணையால் மூழ்கவிருந்த இந்த மலைக்கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து 1964 முதல் 1968 வரை ஏறக்குறைய 65 மீட்டர் மேலே தூக்கிக் கட்டினார்கள் என்ற கதையை நின்று நிதானமாகக் கேட்கவும் நேரம் கிடைக்கும். தங்க முடியாதா? சரி, காலையில் போய் வந்து அன்று அஸ்வானிலேயே இருங்கள். மறுநாள் வேறு டிரைவரோடு கோம் ஓம்போ, எட்ஃபு, லக்சோர். ஒரு நாள் கூடுதல் செலவுதான். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் எல்லாரும் மேலே சொன்ன நாளை வாங்குகிறார்கள்.

கைடை உள்ளே பேசச் சொல்வது

லக்சோரின் மன்னர்கள் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள் கைடு விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே நிழலில் படங்களைக் காட்டிச் சொல்லி முடித்துவிட்டு உங்களை மட்டும் அனுப்புவார். நம் ஆட்கள் அந்தப் பத்து நிமிடத்தை போட்டோவில் செலவழித்துவிட்டு, உள்ளே போய் “இது என்ன, இது யார்” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான். துட்டன்காமன், முதலாம் சேத்தி போன்ற மன்னர்களின் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். எந்த மூன்று என்பதைக் கைடிடமே விடுங்கள், கூட்டம் எங்கே குறைவு என்று அவருக்குத்தான் தெரியும்.

பழைய அட்டவணையை அப்படியே நகல் எடுப்பது

அண்ணன் சில வருஷம் முன்பு போட்ட பிளானைத் தம்பி எடுத்துக்கொண்டு போவது. மன்னர்களின் மம்மிகள் 2021 ஏப்ரலிலேயே கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்திலிருந்து அதே நகரின் ஃபுஸ்தாத் பகுதியில் இருக்கும் எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. துட்டன்காமன் புதையல் இப்போது கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில், 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தில். கெய்ரோ டிராஃபிக்கில் இந்த மூன்றையும் ஒரே நாளில் சுற்றினால் பார்ப்பது வண்டிக் கண்ணாடியைத்தான்.

மலிவான கைடு

நாள் கூலி நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மீதியைக் கொடுக்கப்போவது கடைக்காரர். பாப்பிரஸ் என்ற கோரைத் தாளில் வரைந்த படங்களை விற்கும் கடை, அத்தர் கடை, லக்சோர் மேற்குக் கரையில் அலபாஸ்டர் கல் பட்டறை. ஒவ்வொன்றிலும் செம்பருத்தி டீ, செய்முறை விளக்கம், முக்கால் மணி நேரம். நீங்கள் வாங்குவதில் கைடுக்குப் பங்கு உண்டு. அவரைத் திட்டிப் பயனில்லை, அந்தக் கூலியில் அவர் வேறு என்ன செய்வார்? நியாயமான கூலிக்கு ஒத்துக்கொண்டு, “கடை எதுவும் வேண்டாம்” என்று முன்கூட்டியே ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேண்டுமென்றால் எந்தக் கடை என்று நீங்களே சொல்லுங்கள். தெருவில் மலிவாக விற்கும் பாப்பிரஸ் பல நேரம் வாழை நாரில் செய்தது.

கெய்ரோ கைடையே அஸ்வான் வரை இழுத்துக்கொண்டு போவது

வேண்டாம். அவருடைய அறைக்கும் டிக்கெட்டுக்கும் பணம் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

கார்டை மறந்துவிடுவது

முக்கிய இடங்களில் பலவற்றில் டிக்கெட் கவுண்டர்கள் இப்போது கார்டு மட்டுமே வாங்குகின்றன. நம் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே செயலியில் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் லக்சோரின் கர்னாக் கோயில் வாசலில் நின்றுகொண்டு ஊரில் தூங்கும் மகனுக்குப் போன் போட்டவர்கள் உண்டு. கைடு தன் கார்டில் போட்டுவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வார், ஆனால் எல்லா இடத்திலும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

கைடு காட்டும் பஃபேயில் சாப்பிடுவது

டிரைவர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கோஷரி கடைக்கோ தாமியா கடைக்கோ கூட்டிப்போவார். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும்: கோஷரி சுத்த சைவம். ஊறிய மொச்சை வகைப் பயறை அரைத்துப் பொரித்த தாமியா நம் வடைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். நான்கு பேர் சாப்பிட்டாலும் பஃபேயில் ஒருவருக்கு ஆகும் விலை வராது.

நோன்பு மாதம் என்று பார்க்காமல் தேதி போடுவது

ரமலானில் பல இடங்கள் சீக்கிரமே மூடிவிடும். பகல் முழுக்க டிரைவர் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். சூரியன் மறையும் நேரத்தில் அவர் நோன்பு திறக்க வண்டியை நிறுத்தியாக வேண்டும், அந்த நேரத்துக்கு நீங்களும் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை அருகே இருக்கும்படி பயணத்தை வையுங்கள். பெரும்பாலும் உங்களையும் உட்காரச் சொல்லிப் பேரீச்சம்பழம் நீட்டுவார்கள்.

டிப்ஸை மொத்தமாகக் கைடு கையில் கொடுப்பது

டிரைவருக்குத் தனியாக, அவர் கையிலேயே. கைடு வழியாகக் கொடுத்தால் பலமுறை அவருக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை.