சங்கப் பணமும் மென்பொருளும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த சில கூட்டுறவுச் சங்கங்கள் முதலீட்டுக் கணக்கை நோட்டிலிருந்து மென்பொருளுக்கு மாற்றியிருக்கின்றன. எங்கே போனாலும் நாங்கள் அன்று செய்த அதே கூத்துதான். எண்ணைத் தப்பாகத் தட்டுவது, சேமிக்காமல் மூடுவது எல்லாம் ரெண்டு தடவை சூடு பட்டால் தானே போய்விடும். அதை விடுங்கள்.

ஒரே கடவுச்சொல்லை மூன்று பேர் வைத்துக்கொள்வது

வேண்டாம்.

வரம்பை முன்மொழியும்போது மட்டும் பார்ப்பது

ஒரு சங்கத்தில் முதலீட்டுத் தொகை 500,000 வெள்ளி (ரிங்கிட்). ஒரே நிறுவனப் பங்கில் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானம், அதாவது 100,000. கையில் 70,000 வெள்ளிக்குப் பங்கு இருந்தது. திங்கட்கிழமை செயலாளர் இன்னும் 20,000 வெள்ளிக்கு வாங்க முன்மொழிந்தார். மொத்தம் 90,000, 18 விழுக்காடு, திரையில் பச்சை. மறுநாள் பொருளாளர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, அதே பங்குக்கு இன்னொரு 20,000 போட்டார். அதற்கும் பச்சை! முதல் முன்மொழிவு ஒப்புதலுக்குக் காத்துக்கிடந்ததால் கணக்கில் சேரவே இல்லை. தலைவர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் இரண்டுக்கும் அடுத்தடுத்து ஒப்புதலைத் தட்டிவிட்டார். 110,000 வெள்ளி. 22 விழுக்காடு.

பர்சா மலேசியா பங்குச் சந்தையில் பங்கு வாங்கினால் இரண்டாம் வர்த்தக நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். 2019 ஏப்ரல் வரைக்கும் மூன்று நாள் இருந்தது. நடப்புக் கணக்கில் 40,000 இல்லை. நிரந்தர வைப்பைத் தவணைக்கு முன்பே உடைத்தார்கள், வட்டி போச்சு. மீறியதைச் சரிக்கட்டப் பங்கை விற்றபோது தரகுக் கட்டணமும் முத்திரை வரியும் மறுபடி. விலையும் அதற்குள் இறங்கியிருந்தது.

ஒப்புதல் பொத்தானை அழுத்தும்போதும் வரம்புச் சோதனை ஓட வேண்டும். கையிருப்பு, காத்திருக்கும் முன்மொழிவுகள், உத்தரவு போட்டு இன்னும் வந்து சேராத பங்கு மூன்றையும் கூட்டித்தான் விழுக்காடு பார்க்க வேண்டும். முன்மொழிந்த உடனே அந்தத் தொகை ரொக்கத்தில் பூட்டிக்கொள்ளட்டும், நிராகரித்தால் திறக்கட்டும். காத்திருக்கும் விற்பனையை மட்டும் கழித்துவிடாதீர்கள், அது நடக்காமலும் போகலாம். மென்பொருள் விற்க வருகிறவர், "வரம்புச் சோதனை இருக்குதுங்க ஐயா" என்பார். இருக்கும். எந்த நேரத்தில் சோதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் ரப்பர் பால்வெட்டுக் கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்களின் பிள்ளைகள்தான் இங்கே ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறார்கள்.

வாங்கிய விலையில் விழுக்காடு போடுவது

அமானா சஹாம் மலேசியா என்ற நிலைவிலை முதலீட்டு நிதியின் யூனிட் எப்போதும் ஒரு வெள்ளிதான். பங்கு அப்படி இல்லை. சந்தை விலையில் போடுங்கள். எந்தத் தேதி விலை என்பதும் திரையில் தெரியட்டும்.

ஒப்புதலுக்குப் பிறகு திருத்துவது

ஒரு சென் மாறினாலும் பழைய ஒப்புதல் செல்லாது.

தலைவர் ஊரில் இல்லாதபோது

மாற்று ஒப்புதலாளரை நியமித்துவிட்டுப் போகட்டும், முடிவுத் தேதியோடு. முன்மொழிகிறவரையே நியமிக்க மென்பொருள் விடக்கூடாது. சில மென்பொருள்கள் விடுகின்றன. வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு தடவை அப்படி நியமித்துப் பாருங்கள்.